பிந்தி அடித்த மணிக்கு எங்கள் பாராட்டு

நாற்புறமும் அலை அறைந்தாலும் அசையாத நெடுந்தீவின் நெஞ்சுரம் மிக்க மகளே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் பாடசாலைப் படலையைத் திறந்தவரே, பூட்டியவரே, முற்றத்தைக் கூட்டியவரே, முறைத்துப் பார்த்தே முந்நூறு பிள்ளைகளையும் அடக்கியவரே! தும்புத்தடி ஏந்திய துணிவே! மணிக்கூட்டுக்கு மசியாத மாண்பே! மேலிடத்து மிரட்டலுக்கும் எங்கள் முணுமுணுப்புக்கும் ஒரே மாதிரி முதுகு காட்டிய மேரிசுகந்தி அக்கா அவர்களே! வணக்கம்.

பாடசாலைப் பணியாளர் ஒருவருக்குப் பாராட்டு மடல் வாசிக்கும் வழக்கம் இங்கே இருந்ததில்லை. காரியாலயச் சுவரில் ஒன்பது மடல்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. ஒன்பதும் இந்தப் பாடசாலைக்குத் தலைமை தாங்கிய அதிபர்களுக்கு உரியவை. அவற்றைக் கிழமைக்கு ஒரு தடவை துடைத்து வைத்தவர் நீங்கள். பத்தாவதாக ஒன்று தொங்கப் போகிறது என்று சொன்னபோது, "மாலையும் ஒரு பொதியும் போதாதோ?" என்று மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. போதாது என்று பதில் அனுப்பினோம்.

மடல் எழுதிப் பழக்கமில்லாததால், முந்திய மடல் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்து அதைப் பார்த்தே எழுதத் தொடங்கினோம். அதில் நான்கு நற்குணங்கள் வரிசையாக நின்றன. கடமையுணர்வு, கண்ணியம், இன்சொல், நேரந்தவறாமை. முதல் இரண்டையும் மறுபேச்சின்றி உங்களுக்கு எழுதினோம். மூன்றாவதில் பேனை நின்றது. "குரங்குகள், என்ர கிணத்தை விட்டு இறங்குங்கோடா!" என்று நாள்தோறும் முழங்கிய உங்கள் திருவாயை இன்சொல் என்று எப்படி எழுதுவது? நான்காவதற்கு வந்தபோது ஆசிரியர் அறையே சிரித்தது. நேரந்தவறாமை! மேரிசுகந்தி அக்காவுக்கு!

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். நீங்கள் நேரம் தவறியதற்காகத்தான் இந்த மடல். ஒளித்து மறைத்து அல்ல, ஒலிபெருக்கி வைத்து, மேடை போட்டு, மேலிடத்து ஐயாவை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, அவருக்கும் கேட்கும்படியாகவே சொல்கிறோம்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பாடசாலை மணி, பழைய படகு இயந்திரமொன்றிலிருந்து கழன்ற இரும்புத் தட்டு. கிணற்றடியில் நட்ட மரக் கப்பில் தொங்குகிறது. அதை அடிக்கும் கம்பி இருபத்தாறு ஆண்டுகளாக மேரிசுகந்தி அக்காவின் கையில் இருந்தது. காலை மணியை அவர் ஒருநாளும் பிந்தி அடித்ததில்லை. பாடம் மாறும் மணியும் அப்படியே. இடைவேளை முடியும் மணி ஒன்றுதான் அவருடைய கையில் பிந்தியது. இருபது நிமிட இடைவேளை சில நாள் இருபத்தைந்து நிமிடம் ஆகும், சில நாள் முப்பத்தைந்து. ஏன் என்று நாங்கள் நெடுங்காலம் கேட்கவில்லை. எரிச்சல்பட்டோம், அவ்வளவுதான்.

அக்கா, அந்த எரிச்சல் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இன்று உங்கள் முன்னால் நாங்களே சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பில் லதீபா என்றொரு பிள்ளை படித்தாள். பாடசாலைக்குள் ஒரு வருடமும் மூன்று மாதமும் அவள் வாய் திறந்ததில்லை. வீட்டில் நன்றாகக் கதைப்பாள் என்று தாய் சொன்னார். இங்கே இடாப்புக் கூப்பிடும்போது கை மட்டும் உயரும். இடைவேளை முழுவதும் பூவரசின் கீழ் நிற்பாள். நாங்கள் அவளை அரவணைத்துப் பார்த்தோம், அதட்டிப் பார்த்தோம், பிறகு விட்டுவிட்டோம். நீங்கள் விடவில்லை.

ஒரு புதன்கிழமை முற்றத்தில் கிளித்தட்டு. கோடு கீறி, இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக ஆள் பிரித்துப் பிள்ளைகள் நின்றார்கள். நீங்கள் தும்புத்தடியை நிறுத்திவிட்டு, "டேய் சுஜிதன், ஓடிப்போய் என்ர வாளியைத் தேடிக்கொண்டு வா" என்றீர்கள். வாளி உங்கள் காலடியில், பாவாடைக்குப் பின்னால் இருந்தது. பாவம் சுஜிதன் மலசலகூடம் வரை போய்த் தேடிக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்துக்கு ஓராள் குறைந்தது. பிள்ளைகள் கத்தினார்கள், சினந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள். பூவரசின் கீழ் ஒருத்தி நின்றாள்.

"லதீபா, ஓராள் காணாது. நீ வாறியோ?"

யாரும் சொல்லிக் கொடுத்துக் கேட்ட கேள்வி அல்ல அது. ஆள் தேவைப்பட்டது, கேட்டார்கள். அவள் வந்தாள். முதல் ஆட்டத்தில் பிடிபட்டாள். இரண்டாவதிலும் பிடிபட்டாள். இருபது நிமிடம் முடிந்தது. கம்பி உங்கள் கையில் இருந்தது. நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள், முற்றத்தைப் பார்த்தீர்கள், கம்பியைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு கையைக் கட்டினீர்கள். இன்னும் இருபத்தேழு நிமிடம் அப்படியே நின்றீர்கள். கடைசி ஆட்டத்தில் லதீபா எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, அப்படி வந்தவர் கத்த வேண்டிய சொல்லைக் கத்தினாள். "பழம்!" பாடசாலையில் அவள் சொன்ன முதற் சொல் அதுதான். அதற்குப் பிறகே நீங்கள் மணி அடித்தீர்கள்.

இதெல்லாம் பிள்ளைகள் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்; அந்தச் சொல் அன்று எங்கள் காதில் விழவில்லை. நாங்கள் ஆசிரியர் அறையில் அவரவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் போகிறவர்கள் நாங்கள். பிந்திய நிமிடங்களைப் பாடங்களில் வெட்டி ஈடுசெய்யுங்கள் என்று கேட்டதற்கு, "பாடம் நாப்பது நிமிசத்துக்குக் குறையக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்று திருப்பிக் கேட்டீர்கள். பாடசாலை விட்டு இறங்குதுறைக்கு ஓடியபோது படகின் பின்புறத்தைத்தான் கண்டோம். அன்று தங்க இடம் தேடி அலைந்த கோபத்தில், பதின்மூன்று பேர் ஒன்றாக இருந்து ஒரு பெட்டிசம் எழுதினோம். "மாணவர்களின் பொன்னான கற்றல் நேரம் பொறுப்பற்ற ஒருவரால் வீணடிக்கப்படுகிறது" என்று அதில் ஒரு வரி. பெயர் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு, மறுநாள் காலைப் படகிலேயே மேலிடத்துக்கு அனுப்பினோம்.

படகு போய் ஒரு மணித்தியாலம் கழித்து நான்காம் வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டார்கள். லதீபாவின் பெயர் வந்தது. கை உயரவில்லை.

"வந்திட்டன் ரீச்சர்."

இடாப்புக் கூப்பிட்டவர் பிரியவதனி ரீச்சர். பெட்டிசத்தின் முதற் கையெழுத்தும் அவருடையது. பேனையைக் கீழே போட்டுவிட்டு ஆசிரியர் அறைக்கு ஓடிவந்து நடந்ததைச் சொன்னார். ஒரு தொலைபேசி அழைப்பில் பெட்டிசத்தைத் திரும்பப் பெற்றிருக்கலாம். நாங்கள் பெறவில்லை. எழுதியதை மறுத்தால் எங்களுக்கு இழிவு என்று நினைத்தோம். இதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம்.

விசாரணைக்கு ஒருவர் வந்தார். காரியாலயத்தில் நீங்கள் நடுவில் நின்றீர்கள், நாங்கள் சுவரோரம் நின்றோம். ஏன் மணி இருபத்தேழு நிமிடம் பிந்தியது என்று கேட்டார்.

"பிள்ளையள் அப்பதான் கதைக்கத் துவங்கினதுகள், சேர். அதுக்குள்ள எப்பிடி அடிக்கிறது?"

இனிமேலாவது நேரத்துக்கு அடிப்பீரா என்று கேட்டார்.

"ஏலாது."

அந்த ஒரு சொல்லுக்காக உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. பெட்டிசத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளும் எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தீர்கள். சீனி மட்டும் போடவில்லை. அந்தத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

அன்றிலிருந்துதான் ஒவ்வொருவராக ஆசிரியர் அறையை விட்டு முற்றத்துக்கு வந்தோம். உங்களருகே நின்று நீங்கள் பார்ப்பதைப் பார்க்கப் பழகினோம். நட்பைப் பற்றி நாங்களும் கருத்தரங்குகளுக்குப் போனவர்கள்தான். வண்ணத்தாளில் சுவரொட்டி ஒட்டினோம். இலக்கம் போட்டுப் பிள்ளைகளைச் சோடி சோடியாக இருத்தி, இவன் உன் நண்பன் என்று அறிமுகம் செய்தோம். பாடம் முடிந்ததும் சோடிகள் தங்கள் தங்கள் பாட்டில் பிரிந்து போயின. "சோடி சேர்க்கிறதுக்கு இதுகள் என்ன செருப்போ ரீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே நீங்கள் கூட்டிப் போனீர்கள். போய் விளையாடு என்று எந்தப் பிள்ளையையும் நீங்கள் தள்ளிவிட்டதில்லை. தள்ளிவிட்ட பிள்ளையை மற்றவர்கள் ஏற்பதில்லை என்றும், தூரத்தில் நின்று பார்க்கிற பிள்ளை சும்மா நிற்கவில்லை, விளையாட்டைப் படிக்கிறது என்றும் நீங்கள்தான் எங்களுக்குக் காட்டினீர்கள். பார்க்க விடவேண்டும், பிறகு ஓராள் குறைய வேண்டும், பிறகு கூப்பிடுகிற வரை யாரும் மணி அடிக்கக் கூடாது. பல்கலைக்கழகம் போய்ப் படித்த பதின்மூன்று பேருக்கு இது தெரியாமல் போயிற்று.

சின்னப் பிள்ளைகளுக்கு வாளி. வளர்ந்த பிள்ளைகளுக்கு வாங்கு. எட்டு ஆண்டுகளுக்கு முன் யசிந்தன் பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன். வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்துப் பேச்சு வரும். மற்றவர்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவன் இடைவேளையில் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் போய்விடுவான். அந்த வயதில் கிளித்தட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவனைச் சொல்லிக் காட்டுவதில் முதல் ஆள் தனேஸ். நீங்கள் இரண்டு பேரையும் பிடித்து, மண்டபத்தில் நாலு பேர் இருக்கிற நீள வாங்கைக் கிணற்றடிக்குத் தூக்கி வரச் சொன்னீர்கள். மறுநாள் திரும்ப மண்டபத்துக்கு. அதற்கு மறுநாள் திரும்பக் கிணற்றடிக்கு. மூன்று கிழமை இந்த ஊர்வலம் நடந்தது. ஒருநாள் தனேஸ் பொறுமை இழந்து, "அக்கா, இந்த வாங்குக்கு என்ன விசரோ? ஒரு இடத்தில இருக்காதோ?" என்று கத்த, மறுமுனையைப் பிடித்திருந்த யசிந்தன் சிரித்து வாங்கைக் கைவிட, அது தனேசின் காலில் விழ, இருவரும் நிலத்தில் இருந்து கண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அன்றும் மணி பிந்தியது. இன்று இருவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறார்கள். மேடையில் நீங்கள் அமர்ந்திருப்பது அந்த வாங்கில்தான். மாலை போட்ட கதிரை வேண்டாம் என்று அவர்கள் இருவருமே காலையில் தூக்கி வந்து வைத்தார்கள்.

லதீபாவும் வந்திருக்கிறாள். இப்போது ஆசிரியர் பயிற்சி பெறுகிறாள். இரண்டாம் வரிசையில் இருந்து, இந்த மடல் தொடங்கியதிலிருந்து பக்கத்தில் இருப்பவருடன் கதைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பேசாமல் இருக்கச் சொல்ல யாருக்கும் மனமில்லை.

இனிப் பழங்கதை போதும். வருகிற திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்கள் இடத்துக்கு இன்னொருவரை நியமிப்பதில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு மின்மணி வந்திருக்கிறது. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் அன்போடு அனுப்பியது. நேரத்தை ஒருமுறை பதித்துவிட்டால், ஆள் தேவையில்லை, தானே அடிக்கும், ஒரு நொடியும் பிந்தாது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. திங்கள் முதல் அதைப் பொருத்தும்படி மேலிடத்து உத்தரவு.

அக்கா, நேற்று நீங்கள் கிணற்றடியில் நின்று எங்களிடம் ஒன்று சொன்னீர்கள். ஏழாம் வகுப்புக்கு நிலாந்தினி என்று ஒரு பிள்ளை வவுனியாவிலிருந்து வந்து நாலு கிழமை. முதற் கிழமை வகுப்புக்குள்ளேயே இருந்தாள். இரண்டாம் கிழமை வாசற்படிக்கு வந்தாள். மூன்றாம் கிழமை பூவரசின் கீழ் நின்றாள். இந்தக் கிழமை கிளித்தட்டுக் கோட்டுக்கு நாலு அடி தள்ளி நிற்கிறாள்.

"அவள் கிட்ட வந்திட்டாள் ரீச்சர். இன்னும் ரெண்டு மூண்டு நாள் காணும். எனக்குத்தான் நாள் இல்லை."

ஓய்வூதியத்தைப் பற்றியோ, இனி என்ன செய்வது என்பது பற்றியோ நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாலு அடியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டீர்கள்.

ஆகவே, அதிபர் உட்பட ஆசிரியர்கள் பதினான்கு பேரும் நேற்றுப் பின்னேரம் கூடி எடுத்த தீர்மானத்தை இச்சபையில் அறிவிக்கிறோம். மின்மணி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாகவே இருக்கும். அனுப்பியவர்களுக்கு நன்றி எழுதி, அடுத்த முறை பந்தும் கயிறும் அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். திங்கள் முதல் நாளுக்கு ஒருவராகக் கிணற்றடியில் நீங்கள் நின்ற இடத்தில் நாங்கள் நிற்போம். முற்றத்தைப் பார்த்த பிறகே மணிக்கூட்டைப் பார்ப்போம். வாளியை ஒளித்து வைப்போம். படகு தவறினால் இந்தத் தீவிலேயே தங்குவோம். மேலிடம் விளக்கம் கேட்டால், பதினான்கு பேரும் ஒரே விளக்கத்தை எழுதுவோம். புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. "பிள்ளையள் அப்பதான் கதைக்கத் துவங்கினதுகள்." இனிமேல் நேரத்துக்கு அடிப்பீர்களா என்று கேட்டால் அதற்கும் உங்கள் பதிலே எங்களிடம் இருக்கிறது.

இந்த மடலைச் சட்டமிட்டுக் காரியாலயச் சுவரில் பத்தாவதாகத் தொங்கவிடுவோம். பக்கத்தில் பதினோராவது சட்டம் ஒன்றும் தொங்கும். அதற்குள் எங்கள் பெட்டிசத்தின் பிரதி இருக்கும், பதின்மூன்று கையெழுத்துகளோடு. அன்று கையெழுத்திட்டவர்களில் ஒன்பது பேர் இன்றும் இங்கே கற்பிக்கிறோம். மாற்றலாகிப் போன நால்வரும் சம்மதம் அனுப்பிவிட்டார்கள். புதிதாக வரும் ஆசிரியர் எவரும் முதலில் அதை வாசித்துவிட்டுத்தான் இடாப்பைத் தொட வேண்டும்.

முன்வரிசையில் இருக்கும் மேலிடத்து ஐயா அவர்கள் கையைத் திருப்பித் திருப்பி மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். இந்த மடல் ஏன் இவ்வளவு நீளம் என்று அவர்கள் நினைப்பது நியாயம். ஐயா, நாங்கள் வேண்டுமென்றேதான் நீளமாக எழுதினோம். நிகழ்ச்சி நிரலில் மடல் வாசிப்பை இடைவேளை தொடங்கும் நேரத்தில் வைத்ததும் வேண்டுமென்றேதான். மேல்வகுப்புப் பிள்ளைகள் மட்டுமே மண்டபத்தில் இருக்கிறார்கள். மற்றவர்கள் முற்றத்தில் கிளித்தட்டு விளையாடுகிறார்கள். நிலாந்தினியும் அங்கேதான் நிற்கிறாள். ஒரு பையனை வாளி தேட அனுப்பியிருக்கிறோம். வாளி இங்கே, மேடைக்குக் கீழே இருக்கிறது.

அன்புக்குரிய அக்கா! முற்றத்து மண் உங்கள் தும்புத்தடியை மறவாது. கிணற்றடிக் கப்பு உங்கள் குரலை மறவாது. நீங்கள் சேர்த்துவிட்ட பிள்ளைகள் எந்தக் கடல் கடந்து போனாலும் ஒருவரை ஒருவர் மறவார். நோயின்றி, குறைவின்றி, எவருக்கும் பணிவின்றி, இந்தத் தீவின் காற்றைப் போல நிமிர்ந்து நடந்து நெடுங்காலம் வாழ வேண்டும் நீங்கள்! தேவமாதா உங்களைத் துணையிருந்து காப்பாளாக! உங்கள் ஆயுளின் மணி எவர் கையில் இருக்கிறதோ, அவரும் உங்களிடம் பழகியவராக இருந்து, பிந்தி, மிகவும் பிந்தி அதை அடிக்கட்டும்!

இந்த மடலை எழுதியதும், இப்போது உங்கள் முன் நின்று வாசிப்பதும், அன்று அந்தப் பெட்டிசத்தில் முதலாவதாகக் கையெழுத்திட்ட அதே கைதான். அக்கா, கம்பியை உங்கள் மடியில் வைக்கிறேன். உங்கள் வாங்கிலிருந்து ஜன்னலால் பார்த்தால் முற்றம் முழுவதும் தெரியும். எங்களைப் பார்க்க வேண்டாம், ஐயாவின் மணிக்கூட்டையும் பார்க்க வேண்டாம். அந்தப் பிள்ளையைப் பாருங்கோ. அவள் கோட்டுக்குள்ளே வரும்வரை அடியாதேங்கோ.

இங்ஙனம்,
உங்களுக்கு எதிராக ஒருமுறை கையெழுத்திட்டு, இன்று உங்களோடு நின்று கையெழுத்திடும்
பிரியவதனி,
அதிபர் உட்பட ஆசிரியர்கள் பதினான்கு பேர் சார்பாக.

இடம்: நெடுந்தீவு.
நாள்: நீங்கள் ஓய்வுபெறும் வெள்ளிக்கிழமை.
நேரம்: இடைவேளை. இன்னும் முடியவில்லை.